ஜிக் ஹெட் ஏன் அடம்பிடிக்கிறது? கண்மாயில் எடை பார்த்துப் போடும் முறை

மார்கழியில் கண்மாய் தளும்பத் தொடங்கியதும் எனக்குப் போனும் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, அஞ்சு வீச்சு வீசுனேன், அஞ்சு ஜிக்கும் போச்சு." "அண்ணே, விரால் வந்து இடிக்குது, ஆனா மாட்ட மாட்டேங்குது." காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் லூர் போடும் தம்பிகள் கேட்பது வருஷா வருஷம் இதே ஏழெட்டுக் கேள்விதான். முக்கால்வாசிக் கேள்விக்கு என் பதிலும் ஒன்றுதான்: தலை கனம். தலை என்றால் ஜிக் ஹெட், முள்ளின் கழுத்தில் வார்த்த ஈயக்குண்டு. அந்த முள்ளில் ரப்பர் மீனை ஏற்றினால் அதுதான் லூர், பொய் இரை.

கடையில் அட்டையோடு தொங்கும் 10 கிராம், 14 கிராம் ஜிக் எல்லாம் கடலுக்கும் ஆழமான அணைக்கும் வார்த்தவை. நம் கண்மாயில் கரையோரம் முழங்கால், கொஞ்சம் தள்ளி இடுப்பு, மடைப் பள்ளத்தில் மட்டும் ஓராள் ஆழம். அதில் போய் இரும்புக் கதவுக் கொண்டி மாதிரி ஒன்றைப் போட்டால் சகதிதான் கடிக்கும். ஆகவே லூரின் நிறத்தை மாற்றுவதற்கு முன் எடையை மாற்றிப் பாருங்கள். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலிலும், பர்ஸைத் திறக்க வேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## வீசுவதற்கு முன்

கண்மாய் மீனுக்குப் பெரும்பாலும் ஏலம் எடுத்த குத்தகைக்காரர் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ராடை விரியுங்கள். கேட்டால் பல பேர் தருவார்கள், கேட்காமல் போட்டால் ராடே போகும். குடிதண்ணீர் ஊரணியில் ஈயத்தை வீச வேண்டாம். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி சரணாலயக் கண்மாய்கள் பக்கமும் போக வேண்டாம். 1977 முதல் அது பறவைகளின் இடம். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டவர்கள். அறுந்து விழுந்த ஈயத்தைக் கல் என்று நினைத்து விழுங்கும் வாத்துக்கு அது விஷம்.

அடுத்தது எடையை நம்பாமல் நிறுத்துப் பார்ப்பது. நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று பெட்டியில் இருக்கட்டும். மலிவுப் பாக்கெட்டில் 5 கிராம் என்று போட்டிருந்த தலைகளை ஒருமுறை வரிசையாக நிறுத்தேன். ஒன்று நாலரை காட்டியது, இன்னொன்று ஆறைத் தாண்டியது. சிலர் ஈயத்தின் எடையை மட்டும் போடுகிறார்கள், முள்ளைச் சேர்ப்பதில்லை.

அவுன்ஸ் கணக்கு குழப்பினால் பவுன் கணக்கில் நினைத்துக்கொள்ளுங்கள், நமக்கு அது ரத்தத்திலேயே இருக்கிறது. ஒரு பவுன் 8 கிராம். 1/8 அவுன்ஸ் என்றால் 3.5 கிராம், அரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. 1/4 அவுன்ஸ் 7 கிராம். 1/2 அவுன்ஸ் 14 கிராம், அதாவது ஒன்றே முக்கால் பவுன். கண்மாய்க்கு நான் எடுத்துப்போவது கால் பவுன் முதல் அரைப் பவுன் வரை. ஒரு பவுன் ஜிக் பெட்டியில் ஒன்றிரண்டு கிடக்கும், காற்று பலமாக அடிக்கும் நாளுக்காக.

## அறிகுறி 1: வீச்சுக்கு வீச்சு சிக்குகிறது

முதலில், சிக்கியபின் முள்ளோடு என்ன வருகிறது என்று பாருங்கள். அதைப் பொறுத்து வழி பிரியும்.

கறுப்புச் சேறும் அழுகல் வாடையும் வந்தால்: தலை சகதிக்குள் புதைகிறது. சிக்கல் அல்ல, கனம். பாதி எடைக்கு இறங்குங்கள். 7 கிராம் போட்டிருந்தால் 3.5. அதுவும் புதைந்தால் 2 கிராம். அப்படியும் வந்தால் தரையை மறந்துவிட்டு, விழுந்து மூன்று எண்ணியதும் சுற்றத் தொடங்குங்கள். சகதிக்கு ஓரடி மேலே போகும் லூரை விரால் ஏறி வந்து எடுக்கும். அதன் கண் மேல்நோக்கித்தான் வேலை செய்கிறது.

பாசியும் கோரையும் வந்தால்: மூன்று படி. ராடு நுனியை உயர்த்திச் சுற்றுங்கள், இதற்குக் காசு கிடையாது. சரியாகவில்லையா, தலையின் வடிவத்தைப் பாருங்கள். உருண்டைத் தலையில் தூண்டில் நரம்பு கட்டும் கண் உச்சந்தலையில் நிற்கும். நெற்றிக்கும் நரம்புக்கும் நடுவே பாசி உட்கார இடம் கிடைக்கும். கண் மூக்கு நுனியில் இருக்கும் கூரான தலை பாசியைப் பிளந்துகொண்டு வரும். அதுவும் தோற்றால் திறந்த முள் ஜிக்கையே விட்டுவிடுங்கள். வளைந்த கழுத்துள்ள ஆஃப்செட் முள், அதற்கு முன்னால் நரம்பில் ஓடும் தோட்டா வடிவ ஈயம், முள்ளின் கூர் ரப்பருக்குள் ஒளிந்திருக்க வேண்டும். டெக்சாஸ் ரிக் என்பது இதுதான். தாமரையும் அல்லியும் மூடிய கண்மாயில் என் வோட்டு இதற்கே. ஈயம் தனியாக ஓடி இலைக்கு அந்தப் பக்கம் போய் ரப்பர் இந்தப் பக்கம் தொங்கினால், ஈயத்துக்கு முன்னால் நரம்பில் ஒரு ரப்பர் ஸ்டாப்பரை ஏற்றுங்கள். அவசரத்துக்குத் தீக்குச்சியை ஒடித்து ஈயத்தின் துளையில் செருகினாலும் நிற்கும்.

ஒன்றுமே வராமல் அறுந்தால்: கண்மாய்க்குள் கருவேல மரம் நிற்கிறது. கோடையில் அந்தக் கண்மாய் வற்றிக் கிடந்தபோது உள்ளே நடந்து பார்த்தவனுக்கு இந்தப் பிரச்சினையே வராது. நான் சித்திரையில் போய் எந்த மரம் எங்கே, பழைய கிணறு எங்கே, மடைக்கல் எங்கே என்று போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வேன். லூர் பிடிப்பதில் நான் செய்யும் உருப்படியான வேலை அது ஒன்றுதான் என்று வீட்டில் சொல்வார்கள். படம் இல்லை என்றால் அங்கே ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். எந்த சோனாரும் அவர் அளவுக்குச் சொல்லாது.

கலுங்குப் பக்கம் என்றால் கல் இடுக்கு. அங்கே கனமான தலை இடுக்கில் இறங்கி ஆப்பு மாதிரி உட்கார்ந்துவிடும். இங்கேயும் எடையைக் குறைப்பதுதான் முதல் மருந்து.

சிக்கியதை எடுக்க ராடை வளைத்து இழுக்காதீர்கள். நரம்பைத் தளரவிட்டு நுனியை மெதுவாக உதறுங்கள். வந்த வழியே திரும்பும். வராவிட்டால் நாலடி பக்கவாட்டில் நடந்து எதிர்க்கோணத்திலிருந்து உதறுங்கள். கடைசி வழியாக ராடை நரம்பின் நேருக்கு நீட்டி, ஒரு குச்சியில் பிரெய்டைச் (பின்னல் நரம்பு) சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுங்கள். வெறுங்கையில் சுற்றினால் பிரெய்டு விரலை அரிந்துவிடும். சட்டென்று விடுபடும் ஈயம் கவண்கல் வேகத்தில் முகத்துக்கு வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இதைச் செய்பவனோடு நான் மீனுக்குப் போவதில்லை.

## அறிகுறி 2: தரை தட்டுவதே தெரியவில்லை

எல்லாரும் இந்த இடத்தில்தான் எடையைக் கூட்டுகிறார்கள், பிறகு அறிகுறி 1-க்குப் போய் விழுகிறார்கள். பொறுங்கள்.

லூர் தண்ணீரைத் தொட்டதும் ரீலின் வளையத்தை மூடி, நரம்பைக் கண்ணால் பாருங்கள். கையால் உணர்வதைவிட இது நிச்சயம். இறங்கிக்கொண்டிருக்கும் நரம்பு விறைப்பாகப் போகும். தரை தட்டியதும் தொய்யும். எண்ணிக்கொண்டே பாருங்கள். அதே இடத்தில் அடுத்த வீச்சில் அதே எண்ணிக்கை வர வேண்டும். ஐந்துக்குத் தட்ட வேண்டியது மூன்றிலேயே தொய்ந்தால் மீன் எடுத்துவிட்டது, சுண்டுங்கள்.

நரம்பு வில் மாதிரி பக்கவாட்டில் வளைந்து கிடந்தால் குற்றம் காற்றுடையது. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். முடியாவிட்டால் வீசியவுடன் நுனியைத் தண்ணீருக்கு அருகே தாழ்த்துங்கள். மதியத்துக்கு மேல் காற்று கூடும் கண்மாயில் நான் விடியலில் போய் ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுவேன். அந்த ஒன்பது மணி இட்லிக்காகவும்தான்.

அடுத்த சந்தேகம் நரம்பின் தடிமன். தடித்த மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு) தண்ணீரில் இழுவை கொடுக்கும், நீளவும் செய்யும். 3 கிராம் தட்டுவது கைக்கு எட்டாது. பிரெய்டு பிஇ 1 என்றால் துலக்கமாகத் தெரியும் (பிஇ என்பது பிரெய்டின் தடிமன் எண், ஏற ஏற நரம்பு தடிக்கும்). ஆனால் இங்கே ஒரு இழுபறி இருக்கிறது. தாமரைக்குள் இரண்டு கிலோ விராலைத் திருப்பி எடுக்க பிஇ 3-க்குக் குறைந்தால் ஆகாது, பிஇ 3-இல் 3 கிராம் ஜிக் நன்றாக இறங்காது. இரண்டையும் ஒரே செட்டில் சாதிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது திறந்த தண்ணீருக்கு மெல்லிய நரம்பும் லேசான ஜிக்கும், இலைக்குள் தடித்த பிரெய்டும் தவளை லூரும் என்று பிரித்துவிட்டேன். இரண்டு ஸ்பூல் இருந்தால் போதும், இரண்டு ராடு தேவையில்லை.

இவ்வளவும் பார்த்தபின்தான் எடை. கூட்டினால் ஒரு கிராம், இரண்டு கிராம் கூட்டுங்கள். 3-லிருந்து நேரே 10-க்குத் தாவ வேண்டாம். செலவு செய்ய மனமிருந்தால் டங்ஸ்டன். ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே எடைக்குத் தலை சின்னதாக இருக்கும், கடினமாக இருப்பதால் கல்லில் தட்டுவது கணீரென்று கைக்கு வரும். விலை ஈயத்தைவிடப் பல மடங்கு. கருவேல மரக் கண்மாயில் அதை வீசுவது உண்டியலில் போடுவதுபோல.

## அறிகுறி 3: இடிக்கிறது, மாட்டவில்லை

லூரை எடுத்து வாலைப் பாருங்கள்.

வால் மட்டும் கடிபட்டிருந்தால் அது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டையோ சின்னக் குரவையோ. ரப்பரைச் சின்னதாக்குங்கள். 4 அங்குலத்திலிருந்து 2 அங்குலத்துக்கு வந்தால் தலையும் 2 கிராமுக்கு, முள்ளும் நம்பர் 4, 6 பக்கம் வர வேண்டும். முள் அளவில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் உண்டு: வெறும் எண் ஏற ஏற முள் சிறுக்கும், 1/0, 2/0, 3/0 என்று போனால் பெருக்கும்.

ரப்பர் நடுவில் பல் பதிந்திருந்தும் மாட்டவில்லை என்றால் முள்ளைக் குறை சொல்லுங்கள். கூரைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். கீறி நின்றால் கூர் இருக்கிறது, வழுக்கினால் போய்விட்டது. கல்லில் இரண்டு முறை தட்டினாலே மழுங்கும். சின்ன அரம் ஒன்றால் தீட்டலாம். அடுத்து, ரப்பரின் தடிமன். முள்ளின் வளைவுக்கும் கூருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பாதிக்கு மேல் ரப்பரே அடைத்திருந்தால், விரால் வாயில் ஏற மிச்சம் என்ன இருக்கிறது? பெரிய முள் தலைக்கு மாறுங்கள்.

கடித்த அடையாளமே இல்லை, ஆனால் டொக்கென்று இடி மட்டும் கிடைக்கிறதா? கனமான தலை வேகமாக விழுகிறது. மீன் வாயைத் திறந்து உறிஞ்சும்போது லூர் அதன் வாய்க்குள் போகவில்லை. இரண்டு கிராம் குறைத்துப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்தால் நிமிர்ந்த நாள்கள் எனக்கு நிறைய.

எல்லாம் சரியாக இருந்தும் பாதி வழியில் கழன்றால் ராடு நொய்மை, முள் தடிமன். விரால் வாய் எலும்பு. தடித்த கம்பி முள்ளை அதில் ஏற்ற விறைப்பான ராடு வேண்டும். மென்மையான ராடு வைத்திருந்தால் புதிது வாங்குவதற்கு முன் மெல்லிய கம்பி முள் உள்ள தலையைப் போட்டுப் பாருங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதற்கு மருந்து இல்லை. தண்ணீர் மேல் செம்மண் தூவியதுபோல் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்துக்கொண்டிருந்தால், இடிப்பது பசியில் அல்ல. தாயும் தகப்பனும் குஞ்சைக் காவல் காக்கின்றன. அங்கே வீசாதீர்கள். அந்த ஜோடியை எடுத்தால் அந்தக் கூட்டத்தைக் கெளுத்தியும் கொக்கும் ஒரே நாளில் முடித்துவிடும்.

## அறிகுறி 4: லூர் சுழன்று வருகிறது, நரம்பு முறுக்கிக்கொள்கிறது

காலடியில் தெளிந்த தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். சாய்ந்து நீந்தினால் ரப்பரைக் கோணலாக ஏற்றியிருக்கிறீர்கள். கழற்றி, ஜிக்கை ரப்பரின் பக்கத்தில் படுக்க வைத்து, முள்ளின் வளைவு எங்கே வருகிறதோ அங்கே நகத்தால் ஒரு கோடு போடுங்கள். மூக்கின் நட்டநடுவில் குத்தி, அந்தக் கோட்டில், முதுகின் நடுக்கோட்டில் முள் வெளியே வர வேண்டும். ரப்பர் சுருங்கியோ வளைந்தோ இருந்தால் மறுபடி.

நேராக ஏற்றியும் சுழன்றால் தலை லேசு, வேகம் அதிகம். மெதுவாகச் சுற்றுங்கள், அல்லது ஒரு கிராம் கூட்டுங்கள். எடை கூட்டச் சொல்லி நானே சொல்லும் அபூர்வ இடம் இது. வார்ப்பில் முள் கோணியிருக்கும் தலையை எதுவும் சரியாக்காது. தூக்கிப் போடுங்கள், கண்மாயில் அல்ல.

## அறிகுறி 5: வீச்சு போகவில்லை

ராடின் கைப்பிடிக்கு மேலே லூர் எடை எழுதியிருக்கும். 10–30 கிராம் என்று இருந்தால் 3 கிராமை அது உணரவே உணராது. ஆனால் கூட்டிக் கணக்குப் போடுங்கள்: 3.5 கிராம் தலையோடு 3 அங்குல ரப்பரின் 4, 5 கிராமும் சேர்ந்துதான் பறக்கிறது. ரப்பரைக் கொஞ்சம் பருமனாக்கினால் எடை கூடும், இறங்கும் வேகமோ கூடாது. கண்மாய்க்கு நல்ல தந்திரம்.

ஸ்பூலில் நரம்பு விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்தால் அடியில் பழைய மோனோவைச் சுற்றி உயர்த்துங்கள். ராடில் நரம்பு ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் வளையம் வெடித்திருக்கிறது. அது நரம்பையும் அறுக்கும். ராடு ரிப்பேர் செய்பவரிடம் கொடுக்க வேண்டியது இது. ஃபெவிகுவிக் போட்டு ஒட்டியவர்களின் கதை நீளம்.

## அறிகுறி 6: ரப்பர் கழுத்திலிருந்து வழுகி இறங்குகிறது

ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. தலையைத் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள். வெயிலில் காருக்குள் வைத்த ரப்பர் இளகியிருக்கும், அதற்குப் பசையும் நிற்காது. வேறு வேறு கம்பெனி ரப்பரை ஒரே டப்பாவில் போடாதீர்கள். சில வகை ஒன்றையொன்று உருக்கி, தீபாவளி அல்வா மாதிரி ஒட்டிக் கிடக்கும்.

## அறிகுறி 7: முள் நிமிர்ந்துவிட்டது

டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்கை, இறுக்கிப் பூட்டியிருப்பீர்கள். மெல்லிய கம்பி முள்ளுக்கு டிராக் கொஞ்சம் வழுக வேண்டும். தளர்த்தியும் நிமிர்ந்தால் தடித்த கம்பிக்குப் போங்கள். நிமிர்ந்ததை இடுக்கியால் மறுபடி வளைத்துப் போடாதீர்கள். அடுத்த மீனுக்கு அது ஒடியும். டிராக் தளர்த்தினாலும் வழுகாமல் வெட்டி வெட்டி ஓடினால் ரீல் சர்வீஸுக்குப் போக வேண்டும். வீட்டில் பிரித்தால் ஒரு வாஷர் மிஞ்சும்.

## அறிகுறி 8: கண்மாயில் ஓடிய ஜிக் தொண்டியில் ஓடவில்லை

தேவகோட்டை தாண்டித் தொண்டிக் கடலுக்குப் போய் அரைப் பவுன் ஜிக்கை வீசிவிட்டு, "ஒண்ணும் இல்லண்ணே" என்று திரும்புகிறவர்களுக்கு. பாக் ஜலசந்தி ஆழம் குறைந்த கடல்தான், ஆனால் நீரோட்டமும் காற்றும் கண்மாய்க் கணக்கு அல்ல. கரையிலிருந்து 10–14 கிராமில் தொடங்குங்கள். நீரோட்டம் லூரை வீசிய இடத்திலிருந்து கடகடவென்று தள்ளிக்கொண்டு போனால் கூட்டுங்கள். தரைப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தால் குறையுங்கள். ஏற்றமும் வற்றமும் மாறும்போது எடையும் மாறும், காலையில் போட்டதே மாலைக்கும் என்று இருக்க முடியாது.

கண்மாய் ஜிக்கின் முள் உப்பில் ஒரே வாரத்தில் துருவேறும். நரம்பு மொட்டையாக அறுந்து வந்தால் அது சீலா மீனின் பல். லூருக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பாக, அதாவது லீடராக, தடித்ததோ குட்டிக் கம்பியோ போடுங்கள். எந்த இடத்தில் பாறை, எந்த நேரம் ஓட்டம் என்பதை வலைக்காரர்களிடம் கேட்பதுதான் அங்கே நிபுணரைக் கூப்பிடுவது. ஒரு டீ போதும்.

## அறிகுறி 9: கண்ணில் நரம்பு நுழையவில்லை

பெயிண்ட் அடைத்திருக்கிறது. பழைய முள்ளால் குத்துங்கள். பல்லால் கடிக்காதீர்கள், ஈயத்தில் எதையுமே பல்லால் செய்யாதீர்கள். பிளந்த ஈயக்குண்டை நரம்பில் கடித்து மூடும் பழக்கம் நம் தாத்தாமாருக்கு இருந்தது, அதை அவர்களோடு விட்டுவிடலாம்.

## அறிகுறி 10: வீட்டில் வார்த்த தலை ஓட்டை ஓட்டையாக வருகிறது

அச்சு சூடேறவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். முதல் நாலைந்து வார்ப்பை மறுபடி உருக்கிப் போட்டால் சரியாகும். அச்சில் ஈரம் இருந்தாலோ கதை வேறு. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் வெடித்துத் தெறிக்கும். மழை நாளில் வேண்டாம்.

அடுப்பங்கரையில் வேண்டவே வேண்டாம். ஒரு தம்பி என்னிடம், "ஆச்சி ஈயச்சொம்புல ரசம் வைக்கிறாங்களே, அதே ஈயந்தானே?" என்றான். அல்ல. ரசச்சொம்பு வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகுவதால்தான் காலியாக அடுப்பில் வைத்தால் ஆச்சி சத்தம் போடுவார். தூண்டில் ஈயம் காரீயம், 327 டிகிரியில் உருகும், அதன் புகையும் தூசியும் உடம்பில் தங்கும். பெயர்தான் சொந்தம், குணம் பகை. திறந்த வெளி, தனிப் பாத்திரம், கையுறை, முகமூடி, பிள்ளைகள் அருகில் இல்லாத இடம் என எல்லாம் அமையாவிட்டால் கடையில் வாங்குங்கள்.

## அறிகுறி 11: முள் மீனில் ஏறாமல் உங்களில் ஏறிவிட்டது

தோல் மேலாக, எதிர்முள் (கூருக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் குட்டி முள்) வெளியே தெரிந்தால் வந்த வழியே எடுத்து, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். நினைவில்லை என்றால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கண்மாய்ச் சேறு சுத்தமானதல்ல.

எதிர்முள் உள்ளே போயிருந்தாலோ, மூட்டிலோ முகத்திலோ ஏறியிருந்தாலோ இழுக்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு, ரப்பரைக் கழற்ற முடிந்தால் கழற்றி, முள் ஆடாமல் துணியால் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணருகே என்றால் எதையும் தொடாமல், கண்ணை அழுத்தாமல் ஒரு பேப்பர் கப்பால் மூடிக்கொண்டு உடனே. பெட்டியிலிருந்து அதே அளவு இன்னொரு ஜிக்கையும் எடுத்துப் போங்கள். உள்ளே எதிர்முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று டாக்டர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.